திவசத்தன்று மூன்றாம் வரிசையில்

மூன்றாம் ஆண்டுத் திவசத்துக்குப் படைத்ததை எல்லோரும் உண்டு முடித்து, ஹோலில் கதிரைகளை நிரப்பிக்கொண்டு ஏவறை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், யோகா அரக்குச் சேலை கட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள். செத்துப்போன அவளுடைய புருஷன் சச்சிதானந்தன் படத்தில் மாலைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தார். உயிரோடிருந்த அவருடைய தமையன் தேவராஜா சிரிக்கவில்லை.

"எங்கை யோகா வெளிக்கிட்டிட்டீர்?"

"மெல்பேண் சிற்றிக்கு, அத்தான்."

"இண்டைக்கோ? இண்டைக்கென்ன அலுவல்?"

இந்த இடத்தில் ஒரே ஒரு பொய் போதும். வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று ஒரு சொல்லு. "பாவம், இண்டைக்குக்கூட விடுறாங்களில்லை" என்று தேவராஜாவே காரை எடுத்து டாண்டினோங் ரயிலடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டிருப்பார். யோகாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. இதே விஷயத்துக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள், நன்றாகவே சொன்னாள். மூன்றாம் தடவை சொல்வதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணியிருந்ததுதான் இப்போது வினை.

"பலே பாக்கப் போறன்."

"என்னது?"

"பலே டான்ஸ், அத்தான். ஆறரைக்குத் துவங்குது."

தேவராஜாவின் மனைவி மிருணாளினி நல்ல மனுஷி. எரிகிற இடத்தில் தண்ணீர் தெளிக்கப் பார்ப்பவள். "அது சின்னப் பொம்பிளைப் பிள்ளையள் வெள்ளைச் சட்டை போட்டு நுனிக்காலிலை ஆடுறதெல்லோ? வடிவா இருக்கும். தெரிஞ்ச ஆற்றையும் பிள்ளை ஆடுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா. இது முழுக்க ஆம்பிளையள். பன்னிரண்டு ஆம்பிளையள்."

வடையைக் கையில் வைத்திருந்த ஒருவர் அதை வாய்க்கும் கோப்பைக்கும் நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

தேவராஜாவைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். யோகாவும் சச்சியும் கைக்குழந்தை நிரூபாவோடு மெல்பேண் வந்து இறங்கிய அன்று விமானநிலையத்தில் குளிர்ச்சட்டைகளோடு நின்றவர் அவர்தான். தம்பி பாரிசவாதத்தில் விழுந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து முகம் வழித்துவிட்டவரும் அவர்தான். வருகிற தைமாதம் நிரூபாவுக்கும் செந்தூரனுக்கும் கலியாணம். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாரை வார்த்துக் கொடுக்கப் போகிறவர்களும் அவரும் மிருணாளினியும்தான். விதவைத் தாய் அந்தச் செம்பைத் தொடக்கூடாது என்பது முறை. ஆக, இந்த மனிதரைக் கோபப்படுத்துவது விளையாட்டுக் காரியம் அல்ல. யோகாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

"கால் முழுக்க ஒட்டின உடுப்போட ஆம்பிளையள் துள்ளுறதைப் பாக்க," தேவராஜா ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார், "அதுவும் அவன்ரை திவசத்தண்டு! சனம் என்ன சொல்லும்?"

"சனம் சாப்பிட்டிட்டுது, அத்தான். இனிச் சொல்லட்டும்."

"அம்மா!" என்றாள் நிரூபா குசினி வாசலில் நின்று. அதில் பாதி அதட்டல், பாதி சிரிப்பு.

"விடியக்காலமை நாலு மணிக்கு எழும்பித் தோய்ஞ்சு, ஒரு குறையில்லாமல் சமைச்சு அவருக்குப் படைச்சாச்சு. அவருக்குரியது அவருக்குப் போய்ச் சேந்திட்டுது. பின்னேரம் என்ரை. ரிக்கெற் நான் மாசியிலேயே எடுத்தனான். நீங்கள் திகதி சொன்னது ஆடியிலை."

"மாத்தியிருக்கலாமே!"

"மாத்த விருப்பமில்லை."

"உமக்கு வெக்கமாயில்லையோ? இந்த வயசிலை ஆம்பிளையளின்ரை காலைப் பாக்க..."

"நீங்கள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ரீவியிலை பாக்கிறது ஆற்றை கால் அத்தான்? கையில்லாத பெனியனும் அரைக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, இந்த ஊர்க் காற்பந்திலை ஒருத்தன்ரை முதுகிலை ஒருத்தன் ஏறிப் பந்து பிடிக்கிறாங்கள். அதுக்கு உங்கடை கழுத்திலை சால்வை வேறை. நான் ஏதும் கேட்டனானோ?"

மிருணாளினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கப் பார்த்தும் தோள் குலுங்கியது. அதுதான் தேவராஜாவுக்குத் தாங்கவில்லை. எழும்பி நின்றார்.

"யோகா, சொல்லிப்போட்டன். இண்டைக்கு நீர் இந்த வாசலைத் தாண்டினால், தைமாசம் தாரை வாக்க வேறை ஆளைப் பாரும்."

யோகா நிரூபாவைப் பார்த்தாள். கலியாண வீட்டில், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மணவறையில் தாய் தகப்பன் இடம் வெறுமையாகக் கிடப்பதையும் பார்த்தாள். பயம் வந்தது, வரவில்லை என்று ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்து கொதித்தது. ஒரு பின்னேரம். ஒரே ஒரு பின்னேரம். இதற்கா இவ்வளவு பாடு!

"போட்டு வாறன், அத்தான்," என்றாள். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே, காகத்துக்கு வைத்த சோற்றைக் கறுப்பும் வெள்ளையுமான மாக்பைப் பறவை ஒன்று தின்றுகொண்டிருந்தது. இந்த ஊரில் பிதிர்களுக்கு அதுதான் வாகனம்.

ரயிலில் காற்பந்துக் கூட்டம். சால்வையும் தொப்பியுமாய், பியர் வாசனையும் பாட்டுமாய் ஒரு பெட்டி நிறைய ஆம்பிளைகள். ஆம்பிளைகளைப் பார்க்கப் போகிற ஆம்பிளைகள்! யோகா சேலையை ஒதுக்கி யன்னலோரம் உட்கார்ந்தாள்.

இந்த ஆசை அவளைப் பிடித்தது வேலைத்தலத்தில். பத்தொன்பது வருடங்களாக முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொது அறையில் தொலைக்காட்சி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூறு கிலோ எடையுள்ள கிழவர் ஒருவரைப் படுக்கையிலிருந்து தூக்கும் இயந்திரத்தின் தொட்டிலில் வைத்து மேலே எழுப்பியிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் பலே ஆடுகிற ஒருவன் ஓடி வந்து எழும்பினான். எழும்பினவன் இறங்கவில்லை. ஒரு கணம் அப்படியே மேலே நின்றான். அவளுக்கு வாய் திறந்துகொண்டது, பொத்தானில் இருந்த விரல் நின்றுவிட்டது. தொட்டிலில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த கிழவர்தான் கடைசியில், "யோகா, ஐ ஆம் ஸ்டில் அப் ஹியர்" என்று ஞாபகப்படுத்தினார்.

அதுவரைக்கும் அவள் கண்ட ஆம்பிளை உடம்பெல்லாம் பாரம்தான். புரட்ட வேண்டிய பாரம், துடைக்க வேண்டிய பாரம், கதிரையில் இருத்தினால் சரிகிற பாரம். ஆம்பிளை உடம்பு இப்படியும் இருக்குமா என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். சச்சியிடம் ஆசையாகச் சொன்னாள். "காற்சட்டை போட மறந்தவங்களையோ பாக்கப்போறீர்?" என்று சிரித்தார் அவர். அதோடு விட்டாரா? ஒரு மாதம், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் பொய். 'மேலதிக ஷிப்ட்' என்று சொல்லிவிட்டுப் போய் முதல்தடவை பார்த்தாள்.

இரண்டாம் தடவை போனபோது சச்சி விழுந்து மூன்றாம் வருடம். நிரூபாவைத் துணைக்கு வைத்துவிட்டு, யூனிபோமை மேலே போட்டுக்கொண்டு, மணிக்கட்டில் ஒரு துளி சென்ற் பூசிக்கொண்டு கட்டிலடிக்குப் போனாள். "வேலைக்குச் சென்ற் ஏன்?" என்றார், கோணிப்போன வாயால். "புது சோப்" என்றாள் யோகா. அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டுப் போனாள் அவள். அன்றைக்கு மேடையில் என்ன ஆடினார்கள் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது. நிமிர்ந்து நின்று, "நீங்கள் சிரிச்சாலும் நான் போறன்" என்று சொல்லியிருந்தால், சண்டை பிடித்திருப்பார், பிறகு எப்படியிருந்தது என்று கேட்டுமிருப்பார். அந்தக் கேள்வியை அவரிடமிருந்து பறித்ததுதான் அவளுக்கு மூன்று வருடமாக ஆறவில்லை. அதனால்தான் இன்றைக்கு வெளிக்கிடும்போது, சென்ற் போத்தலை அறைக்குள்ளிருந்த அவருடைய படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துப் பூசினாள்.

பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டில் இறங்கி, யாராப் பாலத்தைக் குளிர்காற்றில் கடந்து, சவுத்பாங் அரங்குக்குள் நுழைந்தபோது ஆறு இருபது. மூன்றாம் வரிசை, நடு இருக்கை. பக்கத்தில் எழுபது எழுபத்தைந்து வயது வெள்ளைக்காரி ஒருத்தி, மடியில் சின்னத் தூரக்கண்ணாடியோடு. மூன்றாம் வரிசையில் தூரக்கண்ணாடி எதற்கு என்று யோகா யோசித்தாள். திரை விலகிப் பன்னிரண்டு பேரும் ஓடி வந்ததும் விடை கிடைத்தது. கிழவி கண்ணாடியைத் தூக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அவசரமில்லாமல் பார்த்துவிட்டு, "லவ்லி தைஸ்" என்று அந்தத் தொடைகளை மெச்சினாள்.

"வெரி லவ்லி," என்றாள் யோகா. மனமறிந்து சொன்ன உண்மை அது.

தொலைக்காட்சியில் கேட்காத சத்தமெல்லாம் மூன்றாம் வரிசையில் கேட்டது. பாதம் பலகையில் விழுகிற தொம்மென்ற சத்தம். மூச்சு. ஒருவன் சுழன்றபோது தலைமயிரிலிருந்து வியர்வை வட்டமாய்ச் சிதறியது. தொடையில் தசை திரண்டு, அவிழ்ந்து, மறுபடி திரண்டது. ஐம்பத்தெட்டு வயதில் அதைப் பார்க்க நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும். செத்த நெஞ்சா அது?

பிறகு பத்துப் பேர் உள்ளே போய்விட, இருவர் மட்டும் மிஞ்சினார்கள். ஒருவன் நெடுவல், மற்றவன் கட்டையாய்த் தடித்தவன். இசை ஓய்ந்து, ஒற்றைச் செல்லோ வாத்தியம் மட்டும் இழுத்தது. கட்டையன் மற்றவனை நோக்கி நடந்து, கால்களை அகட்டினான். முழங்காலை மடித்தான். முதுகு நேர். பாரத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்தான்.

யோகா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். இது அவளுடைய வேலை! வருடாவருடம் இல்லத்தில் பயிற்சி வைத்துச் சொல்லித்தருகிற அதே நிலை. சச்சியைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து குளியலறைக்கு என்று நாலு வருடம் அவள் நின்ற நிலை. வீட்டில் இயந்திரம் கிடையாது. அவளும் அவரும்தான். முதல் வருடம் அவர் வெட்கத்தில் உடம்பை விறைத்துக்கொள்வார், பாரம் இரண்டு மடங்காகும். "விறைக்காதேங்கோ, என்னோட மூச்சை எடுங்கோ" என்று கெஞ்சுவாள். கடைசி வருடத்தில்தான் பிடிபட்டது. ஒண்டு, ரெண்டு, மூண்டு. மூன்றில் இருவரும் சேர்ந்து மூச்சை இழுக்க, மனுஷன் இலேசாய் வந்துவிடுவார். வந்து அவள் தோளில் தலையைச் சாய்ப்பார். அதற்குக் கைதட்ட ஆள் இருக்கவில்லை.

"ஒண்டு," என்றாள் யோகா, வாய்க்குள். "ரெண்டு. மூண்டு."

நெடுவல் மேலே போனான். கட்டையனின் ஒற்றைத் தோளில், கையை விரித்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டுக் கிடந்தான். கட்டையன் அவனைச் சுமந்துகொண்டு மேடையை ஒரு முறை சுற்றி நடந்தான். அவசரமே இல்லை. சுற்றி வந்து, கீழே வைத்தபோது சின்னச் சத்தம்கூட இல்லை.

அரங்கம் எழும்பி நின்று கைதட்டியது. யோகா எழும்பவில்லை. அழுதுகொண்டிருந்தாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. கைதட்டல் எல்லாம் கட்டையனுக்குத்தான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், தனக்கும் அதில் பங்கு உண்டு என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஏன் எடுக்கக்கூடாது?

இடைவேளையில் வெளிக்கூடத்துக்கு வந்து போனைத் திறந்தாள். நிரூபா எட்டுத் தடவை அழைத்திருந்தாள். என்னவோ ஏதோ என்று பதறிப்போய் எடுத்தாள்.

"அம்மா! கெஸ் வட்! பெரியப்பா டேட்டைப் பிழையாப் பாத்திட்டார்!"

தேவராஜாவின் குசினிச் சுவரில் யாழ்ப்பாணத்துக் கலண்டர் ஒன்று தொங்கும். வருடாவருடம் யாரையாவது பிடித்துக் கொண்டுவருவிப்பார். திதி பார்க்க அவருக்கு ஐயர் தேவையில்லை. அன்றைக்கும் ஐயரைக் கூப்பிடாமல், தானே திதி பார்த்து, தானே தேவாரம் பாடிப் படைத்தார். அந்தக் கலண்டரில் போட்டிருந்தது ஊர் நேரம். மெல்பேண் நேரத்துக்கு நாலரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். மனுஷன் கூட்டவில்லை.

"நான் சும்மா போனிலை செக் பண்ணினன் அம்மா. பெரியம்மா பேசின் கோயில் ஐயருக்கும் போன் எடுத்துக் கேட்டிட்டா. இஞ்சை மத்தியானம் நாங்கள் படைக்கேக்கை திதி ஸ்டார்ட் பண்ணவே இல்லை. திவசம் நாளைக்கு! ஸோ யூ டிடின்ட் டூ எனிதிங் ரோங்! இருங்கோ, பெரியப்பா கதைக்கப் போறாராம்."

போன் கைமாறியது. தேவராஜா இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

"யோகா. பிழை என்ரை பக்கம். கலண்டரிலை ஊர் நேரம், கவனிக்கேல்லை." அவர் பிழை என்று ஒத்துக்கொண்டதை யோகா முதன்முதலாக இன்றைக்குத்தான் கேட்டாள். "சரி, அது போகட்டும். நான் ஒரு வழி யோசிச்சு வைச்சிருக்கிறன். நீர் இஞ்சத்தைத் திதியைப் பாத்து வைச்சிருந்தனீர், திவசம் நாளைக்குத்தானே எண்டுதான் இண்டைக்கு வெளிக்கிட்டனீர். எனக்கு முகத்துக்கு நேரை சொல்லக் கூச்சப்பட்டனீர். இப்பிடிச் சொல்லுவம். உமக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. தைமாசத்து அலுவலும் பழையபடி. எல்லாரும் இஞ்சைதான் இருக்கினம், ஸ்பீக்கரிலை போடுறன். ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும்."

ஒரு சொல்லு. ஓம். அதைச் சொல்ல வாய் வலிக்கவா போகிறது? நாலு பேருக்கு முன்னால் அவளைத் தூக்கியெறிந்த மனிதர் இறங்கி வந்து பாலம் போட்டுத் தருகிறார். நிரூபாவின் மணவறையும் நிறையும். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஆற்றில் விளக்குகள் விழுந்துகொண்டிருந்தன. ஐஸ்கிரீம் வாங்குகிறவர்களின் வரிசை அவளை உரசிக்கொண்டு போனது. போன் பிடித்த மணிக்கட்டிலிருந்து சென்ற் மணத்தது.

"ஸ்பீக்கரிலை போட்டாச்சோ, அத்தான்?"

"ஓம் ஓம், போட்டாச்சு. சொல்லும்."

"எனக்குத் திதி பிழையெண்டு தெரியாது. இண்டைக்குத்தான் அவற்றை திவசம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தனான்."

அந்தப் பக்கம் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள்.

"நாளைக்குத்தான் திவசமெண்டால் நாளைக்கும் நாலு மணிக்கு எழும்பிச் சமைப்பன். வாழைக்காய்க் கறி ரெண்டு நாள் அடுத்தடுத்துப் படைச்சாலும் அவருக்கு அலுக்காது. எல்லாரும் வாங்கோ. ஆனால் ஆரும் கேட்டால், திதி பாத்திட்டுப் போனவ எண்டு சொல்லாதேங்கோ. பாக்க ஆசையா இருந்தது, போனவ எண்டு சொல்லுங்கோ."

"யோகா, நான் உமக்கு நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தார் தேவராஜா. "அப்ப தைமாசம்? தாரை?"

"நீங்களும் அக்காவும் வந்து வாத்தால் எனக்குச் சந்தோசம். மனசாரச் சொல்லுறன். வராட்டி நானே வாப்பன்."

"நீரோ? தனியவோ? அது முறையில்லை!"

"உங்கடை தம்பியை நாலு வருசம் தனியத்தான் தூக்கினனான், அத்தான். அப்ப ஒருத்தரும் முறை பாக்கேல்லை."

ஹோலில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் எங்கேயோ தூரத்திலிருந்து, குசினிப் பக்கமாக, மிருணாளினியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "உள்ளதைத்தானே சொல்லுது அந்தப் பிள்ளை."

இடைவேளை முடிந்ததற்கு மணி அடித்தது. கூட்டம் கதவுகளை நோக்கித் திரும்பியது.

"யோகா, கேளும்..." என்றார் தேவராஜா.

"மணி அடிச்சிட்டுது அத்தான். மிச்சத்தை நாளைக்குக் கதைப்பம். நான் உள்ளுக்குப் போகவேணும்."

பெரியவர்கள் வைக்கும் வரைக்கும் காதில் போனை வைத்துக்கொண்டு காத்து நிற்பதுதான் அவளுடைய வழக்கம். இன்றைக்கு அவளே முதலில் வைத்தாள். போனையும் அணைத்துக் கைப்பையின் அடியில் போட்டாள்.

மூன்றாம் வரிசையில் கிழவி முழங்காலை ஒதுக்கி வழி விட்டாள். யோகாவின் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தூரக்கண்ணாடியை அவளிடம் நீட்டினாள். விளக்கு அணைந்து திரை விலகியது. பன்னிரண்டு பேரும் ஓடி வந்தார்கள். யோகா கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், அவசரமில்லாமல் பார்த்தாள்.